படம் முடிகிற மட்டும்

ஆறு மாதம் அந்த மனிதருடைய கையெழுத்தோடு வாழ்ந்தேன். அதில் ஐந்து மாதம் அவரை எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கு நினைத்தால் அவர்மேல் வருகிற கோபத்தைவிட அந்த ஐந்து மாதத்தின்மேல் வருகிற கோபம்தான் அதிகம்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். பெங்களூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். கன்டோன்மென்ட் பகுதியின் பழைய கிரயப் பத்திரங்கள், உயில்கள், பாகப்பிரிவினைகள் பல தமிழில் இருக்கும். எழுத்துக்குப் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது. அதைப் படித்து ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதிக்கொடுப்பது என் வேலை. அந்த எழுத்தைத் தடுமாறாமல் படிக்கிறவர்கள் இந்த ஊரில் இப்போது குறைவு. அதனால்தான் பிரேசர் டவுனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

அது ஒரு பழைய பங்களா. கட்டியவர் ஒரு தமிழர். வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவக் குதிரைகளுக்குப் புல்லும் கொள்ளும் சப்ளை செய்து பெரும் பணக்காரர் ஆனவர். படங்களும் வெண்கலச் சிலைகளும் சேர்த்தவர். ஓவியர்களை வீட்டோடு வைத்துச் சோறு போட்டவர். அவருடைய கொள்ளுப்பேத்தி, நாங்கள் எல்லாரும் மேடம் என்று கூப்பிடுகிறவர், அந்த பங்களாவைச் சீர்செய்து, ஒரு டிரஸ்ட் வைத்து, கலைக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார். மாடியில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள் கிடைத்தன. சென்னையில் இருந்த தன் தம்பிக்குப் பெரியவர் எழுதியவை. தம்பி இறந்த பிறகு மொத்தமாக இங்கே திரும்பி வந்திருக்கின்றன. அவற்றைப் படித்து, பெரியவருடைய வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமாகத் தொகுக்க வேண்டும், சுவரில் எழுதச் சில வாசகங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்றார்கள். திறப்பு விழாவுக்கு ஆறு மாதம் இருந்தது.

எனக்கு மாடியில் ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டுக்கொடுத்தார்கள். கண்காட்சிப் பொறுப்பாளராக இருந்த பையன் எதிர் மேஜையில் உட்காருவான். பையன் என்று நான் சொன்னாலும் முப்பது தாண்டியவன். கோயம்புத்தூர்க்காரன். கலை வரலாறு படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்தவன். என்னை அக்கா என்று கூப்பிடுவான். நான் ஒவ்வொரு கடிதமாகப் படித்துச் சொல்ல, அவன் கணினியில் குறித்துக்கொள்வான்.

அந்தக் கடிதங்களில் இருந்த மனிதர் யாருக்கும் பிடித்துப்போகிற மனிதர்தான். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியோடு பிழைக்க வந்த ஒருவரின் மகன். சின்ன வயதில் அப்பாவுடன் ஒரு பாதிரியார் வீட்டுக்குப் புல்லுக்கட்டு இறக்கப் போயிருக்கிறார். அங்கே கூடத்தில் ஒரு எண்ணெய் வண்ணப் படம், கூடை நிறைய மீன். “மீன் நாற்றம் வருகிறதாவென்று கிட்டப் போய் முகர்ந்து பார்த்தேன், பாதிரியார் பார்த்துச் சிரித்துவிட்டார்” என்று அறுபது வயதில் தம்பிக்கு எழுதுகிறார். அதைப் படித்தபோது நானும் சிரித்தேன். அந்தப் பாதிரியாரிடமே ஆங்கிலம் கற்றுக்கொண்டார். அப்பாவின் வண்டி நான்காகி, நாற்பதாகி, குதிரைப்படை முழுக்கத் தீனி இவர் கையால் என்று ஆனபோது, முதல் வேலையாக ஒரு படம் வாங்கினார். பிறகு நிறுத்தவே இல்லை.

உருக்குவதற்காகக் கன்னாரப் பட்டறையில் போட்டிருந்த ஒரு வெண்கல அம்மன் சிலையை, ஒரு கை உடைந்திருந்தும், தூக்கிக்கொண்டு வந்து இரவெல்லாம் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார். காசநோய் வந்து சொந்தக்காரர்களே ஒதுக்கிவைத்த ஓர் ஓவியரைத் தோட்டத்து அறையில் மூன்று வருடம் வைத்துப் பார்த்துக்கொண்டார். சாகும் வரைக்கும் அந்த ஓவியருக்குத் தூரிகையும் வண்ணமும் குறையக்கூடாது என்று உத்தரவு. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் இவரை வராந்தாவோடு நிறுத்தியபோது, கிளப்பைவிட உயரமான கூரை வைத்துத் தன் வீட்டில் ஒரு கூடம் கட்டினார். சனிக்கிழமைதோறும் அதே அதிகாரிகள் வந்து இவர் படங்களுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று, மர்பி டவுன் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு என்னவோ நானே அந்தக் கூடத்தைக் கட்டியதுபோல ஒரு பெருமை. என் மகளிடம் போனில் கால்மணி நேரம் அவரைப் பற்றியே பேசினேன். அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள், ஹெப்பகோடியில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள். அம்மா, உனக்கு அந்தத் தாத்தாமேல ஒரு இது வந்துடுச்சு என்று கிண்டல் செய்தாள். வந்துதான் இருந்தது.

குதிரைகளுக்குப் பதில் மோட்டார் லாரிகள் வந்தபோது அவருடைய தொழில் படுத்தது. படங்களை ஒன்றொன்றாக விற்றார். ஒவ்வொன்று போகும்போதும் வீட்டிலிருந்து ஒரு பிணம் போவதுபோல எழுதியிருக்கிறார். கடைசியில் கீழ்த்தள அறை ஒன்றில், மிச்சமிருந்த கொஞ்சம் பொருட்களுக்கு நடுவில் கிடந்து இறந்தார். எவ்வளவு கேட்டும் அவர் விற்காமல் வைத்திருந்தது ஒரே ஒரு படம்.

அந்தப் படம் இப்போது கூடத்தின் நடுச்சுவரில் இருக்கிறது. ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் ஒரு கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். குழந்தையைப் பார்க்கவில்லை. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. வரைந்தவர் மூன்று மாதம் இந்த பங்களாவில் விருந்தாளியாகத் தங்கிய ஒரு வெள்ளைக்கார ஓவியர். மடியில் இருக்கும் குழந்தை பெரியவருடைய மூத்த மகன், அதாவது இப்போது டிரஸ்ட் நடத்துகிற அம்மாவின் தாத்தா. பிரசவத்துக்குப் பிறகு பெரியவரின் மனைவி நெடுநாள் படுக்கையில் இருந்ததால் பால் கொடுக்க கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த அல்சூர்ப் பக்கத்து லைன் வீடுகளிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்து வைத்துக்கொண்டார்கள். அவள்தான் படத்தில் இருக்கிறவள். வீட்டில் அந்தப் படத்துக்குத் ‘தாய்மை’ என்று பெயர். கண்காட்சி விளம்பரத்துக்கும் அதைத்தான் எடுத்திருந்தார்கள். அவள் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பாக ஒட்டியிருந்தார்கள்.

ஐந்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை. ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த நாலைந்து தாள்களை அந்தப் பையன் மெல்லிய தகடு வைத்துப் பிரித்துக் காயவைத்திருந்தான். அதில் ஒன்றை எடுத்து வழக்கம்போல வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

“சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். துரையின் படம் நேற்றுச் சாயங்காலம் முடிந்தது. வெகு அழகாய் வந்திருக்கிறது. பால் கொடுக்கிறவளின் குழந்தைக்கு ஒரு வாரமாய் வயிற்றுப்போக்கு. வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேனென்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். துரையோ, அவள் முகத்தில் இப்போதிருக்கிற ஏக்கம் போய்விட்டால் படம் கெட்டுவிடும், அனுப்ப வேண்டாமென்றார். வியாழக்கிழமை காலமே அவள் புருஷன் வந்து கேட்டண்டை நின்றான். குழந்தை ராத்திரியே தவறிவிட்டதாம். இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கியிருந்தபடியால், படம் முடிகிற மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாமென்று தோட்டக்காரனை விட்டுச் சொல்லி அவனைத் திருப்பியனுப்பினேன். நேற்று முடிந்த பிறகு சொன்னோம். அதற்குள் அடக்கம் பண்ணியாகிவிட்டது. எனக்கும் மனசு சரியில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தால் கல்லும் கரையும். இப்படியொரு படம் தென்தேசத்திலே வேறு யாரிடத்திலும் இல்லை.”

முழுக்கப் படித்து முடிக்கும் வரைக்கும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பழைய எழுத்தைப் படிக்கும்போது எழுத்தைத்தான் பார்ப்போம், பொருள் பின்னால்தான் வரும். பையன் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் நான் படித்தது எனக்கே காதில் விழுந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படித்தேன்.

மூன்று வாரம் கழித்து எழுதிய இன்னொரு கடிதத்தில் அவளைப் பற்றி ஒரே வரி. “பால் கொடுக்கிறவள் கொஞ்ச நாள் ஊமைபோலிருந்தாள், இப்போது பாதகமில்லை, பாலும் குறையவில்லை.” அதற்குப் பிறகு, குழந்தைக்குப் பல் முளைத்த செய்தியோடு, அவளை அனுப்பிவிட்டதாக ஒரு கடிதத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் அவள்.

பையன், “இதை மேடம்கிட்ட நீங்களே சொல்லிடுங்க்கா” என்றான். அவன் பயந்தது தெரிந்தது. வேலைக்குப் பயப்படுகிறவனை என்ன சொல்வது என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். பின்னால் அவன்மேலும் கோபம் வந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சமைக்கவில்லை. என் மகள் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது நடந்த ஒன்று நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்குக் கடும் காய்ச்சல். மறுநாள் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டிய ஒரு உயில் பாதி மொழிபெயர்ப்பில் இருந்தது. வக்கீல் முடித்துவிட்டுப் போங்கள் என்றார். முடித்துவிட்டுத்தான் போனேன். நெஞ்சில் பால் கட்டி வலிக்க வலிக்க, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுதினேன். என் மகள் பிழைத்துக்கொண்டாள். அதை நான் இத்தனை வருடமும் என் பொறுப்புணர்ச்சிக்கு உதாரணமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சொல்லும்போது சிரித்துக்கொண்டே வேறு சொல்லுவேன். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தக் கதையை நான் யாரிடமும் சொல்வதில்லை.

என் அக்கா அடுத்த தெருவில் இருக்கிறாள். அல்சூர் ஏரிப் பக்கத்து அபார்ட்மெண்ட் ஒன்றில், வேலைக்குப் போகிற கணவன் மனைவியின் குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு முன்னால் இன்னும் பத்து வீட்டில் பத்துக் குழந்தைகள். அவளிடம் கடிதத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அந்தப் பொண்ணு பேரு இன்னா?” என்று கேட்டாள்.

பேர் இல்லை என்றேன். கடிதங்களில் குதிரைகளுக்குப் பேர் இருந்தது. அவர் வளர்த்த இரண்டு நாய்களுக்கும் பேர் இருந்தது. கை உடைந்த வெண்கல அம்மனுக்கு அவராக ஒரு செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டார். இவள் எல்லா இடத்திலும் பால் கொடுக்கிறவள்தான். அக்கா அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். திறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. உள்ளே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பையன் எங்களைத் தடுக்கவில்லை. அக்கா படத்துக்குப் பக்கத்தில் போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து மடியைப் பார்த்தாள், ரவிக்கையைப் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் நனைஞ்சிருக்குது பாரு,” என்றாள்.

குழந்தை இடது பக்கம் குடித்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் வெளுத்த நீல ரவிக்கையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு அடர்ந்த திட்டு. ஐந்து மாதமாக அந்தப் படத்தைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். துணியின் மடிப்பு என்று நினைத்திருந்தேன். நிழல் விழும் அழகு பற்றிப் பையன் ஒரு பத்தியே எழுதிவைத்திருந்தான்.

“ஒரு புள்ள குடிக்கும்போது மத்த பக்கம் தானா வழியும். அந்தப் பக்கம் அவ புள்ளைக்கு. அது அங்க தண்ணி வத்திப்போய்க் கெடக்குது, இவ இங்க சொட்டிக்கினு உக்காந்திருக்கா. அந்தாளு அத்தயும் உக்காந்து வரைஞ்சிருக்கான்.”

அக்கா மெதுவாகத்தான் சொன்னாள். சுண்ணாம்பு அடிக்கிறவர்களில் ஒருவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து எங்களோடு நின்று பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

மறுநாள் மேடத்தைப் பார்த்தேன். அறுபது வயதுக்கு மேல், மெல்லிய குரல், யாரையும் கடிந்து பேசாதவர். தினமும் என்னிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். கடிதத்தின் தமிழையும் என் ஆங்கிலத்தையும் அவர் முன்னால் வைத்தேன். படித்தார். கண் கலங்கியது உண்மை. டீ வரவழைத்தார். வெகுநேரம் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினார். தாத்தா எப்போதும் தன்னை வளர்த்த ஆயாவைப் பற்றிச் சொல்வார் என்றார். அந்த ஆயா வேறு, இவள் வேறு என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு அந்தக் காலத்தை இந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கக்கூடாது, எல்லாப் பெரிய வீட்டிலும் இப்படித்தான் நடந்தது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். காசநோய் ஓவியரை நினைவுபடுத்தினார். நான் மறக்கவில்லை என்றேன். கடைசியாக விஷயத்துக்கு வந்தார்.

“இந்த லெட்டரை விட்டுடணும்னு நான் சொல்லலை. கொஞ்சம் சாஃப்டா கொண்டுவரலாமே. அவ உடம்பை உத்தேசிச்சு, அதிர்ச்சி ஆகக்கூடாதுன்னு, ரெண்டு நாள் கழிச்சு சொன்னாங்கன்னு. அதுவும் உண்மையாத்தானே இருந்திருக்கும்?”

“அப்படி அவர் எழுதலை மேடம். படம் முடியணும்னு எழுதியிருக்கார்.”

“நீங்க ட்ரான்ஸ்லேட்டர். கொஞ்சம் ஃப்ரீடம் எடுத்துக்கலாம்.”

வக்கீல் அலுவலகத்தில் என்னிடம் எத்தனையோ பேர் பத்திரத்தில் ஒரு சொல்லை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு வீடோ நிலமோ தேவைப்பட்டது. இந்த அம்மாவிடம் எல்லாம் இருந்தது. அதற்கு மேல் அந்தப் பெரியவர் நல்லவராகவும் இருக்கவேண்டும். அதற்கு நான் ஒரு பொய் எழுதித் தரவேண்டும். முடியாது என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தைச் சேர்க்கவில்லை என்று ஒரு வாரத்தில் பையன் போனில் சொன்னான். மற்ற மொழிபெயர்ப்புகளை ஒப்படைத்துவிட்டு, கடிதங்களின் படிகள் எதுவும் வைத்திருக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். புத்தகத்தில் என் பெயர் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். அதற்கு ஒரு நிமிஷத்தில் சம்மதித்துவிட்டார்கள். கொஞ்சமாவது தயங்குவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அந்த எதிர்பார்ப்பை நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

திறப்பு விழாவுக்கு நான் போயிருக்கக்கூடாது. அழைப்பிதழ் வந்தது, போனேன். மகள் என்னைத் தனியாக விடவில்லை, அவளும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மரங்களில் விளக்கு. பட்டும் கதரும் கட்டிய மனிதர்கள். நாங்கள் கூடத்துக்குள் நுழைந்தோம். நடுச்சுவரில் படம். அதற்குப் பக்கத்தில், படத்தின் உயரத்துக்கு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது:

“படம் வெகு அழகாய் வந்திருக்கிறது… அவள் முகத்தைப் பார்த்தால் கல்லும் கரையும்.”

ஆங்கிலம் என்னுடையது. கரையும் என்பதற்கு எந்தச் சொல் போடலாம் என்று அரைநாள் யோசித்தது எனக்கு நினைவிருந்தது. முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளிக்குள் ஒரு குழந்தையைப் புதைத்திருந்தார்கள். அதன் அப்பாவை நிற்கவைத்திருந்தார்கள். கடிதத்தை முழுக்கச் சேர்க்காமல் விட்டிருந்தால்கூட நான் டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். அதைப் படித்து, எல்லாம் தெரிந்து, வேண்டியதை மட்டும் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். பையனைத் தேடினேன். தூரத்தில் நின்றான், என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேடம் பேசி முடித்தார். கைதட்டல் அடங்கியது. நான் படத்துக்குக் கீழே போய் நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. படி வைத்திருக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன், அது உண்மை. ஆனால் அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். சொல்ல ஆரம்பித்தேன். சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம் என்று தொடங்கி, சொல்லுக்குச் சொல், அவர் எழுதிய தமிழிலேயே சொன்னேன். கத்தவில்லை. மாடியில் பையனுக்குப் படித்துக்காட்டிய அதே குரல்தான். கூட்டத்தில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தென்தேசத்திலே வேறு யாரிடத்திலும் இல்லை என்று நான் முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர் கைதட்டினார். அவரைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

எனக்கு அந்த நிமிஷம் யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

மேடம் வந்து என் முழங்கையைப் பிடித்தார். சிரித்த முகத்தை மாற்றாமல், வெளியே போய்ப் பேசலாம் என்றார். பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்றேன். காவலாளி வந்து பக்கத்தில் நின்றார். என் மகள் அவரைப் பார்த்து, அம்மாவைத் தொடாதீங்க, நாங்களே போறோம் என்று கன்னடத்தில் சொன்னாள். வராந்தாவைத் தாண்டும்போது டீ ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்த கேட்டரிங் பெண் ஒருத்தி தட்டை வைத்துவிட்டு எங்கள் பின்னால் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு.

“அப்பறம் அந்தக்கா என்ன ஆனாங்க?” என்று கேட்டாள்.

“இங்கதான் இருந்தாங்க. அந்தப் புள்ளைக்குப் பல்லு முளைக்கிற வரைக்கும் பால் குடுத்தாங்க.”

“அதே புள்ளைக்கா?”

ஆமாம் என்றேன். அவளை உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள். அன்றைக்கு அந்தக் கடிதத்தைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்று எனக்குத் தோன்றியது.

பத்து நாளில் டிரஸ்டின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தத்தை மீறி இரகசியத் தகவலை வெளியிட்டதாகவும், எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும். நோட்டீஸ்களோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவளை நோட்டீஸை வைத்து மிரட்டினால் எப்படி. நானே பதில் எழுதினேன், ஒரே பக்கம். டிரஸ்ட் தானே சுவரில் எழுதி ஊருக்கெல்லாம் காட்டிய ஒரு கடிதம் எப்படி இரகசியம் ஆகும், அவர்கள் விட்ட நடுப்பகுதியைத்தான் நான் சொன்னேன், மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் யாரிடம் கேட்கவேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது என்று. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்தப் பெண் நம் பாட்டிக்குப் பாட்டியாக இருக்குமோ என்று மகள் ஒருநாள் கேட்டாள். நம்ம ஆட்களும் அல்சூர்ப் பக்கத்து லைன் வீட்டில் இருந்தவர்கள்தானே, யார் கண்டது என்றாள். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. தேவையும் இல்லை. சொந்தக்காரியாக இருந்தால்தான் கோபம் வரவேண்டுமா.

போன மாதம் பையன் கூப்பிட்டான். குரலில் நல்ல செய்தி சொல்கிற தோரணை. சுவரில் இருந்த வாசகத்தை எடுத்துவிட்டார்களாம். வருகிறவர்களில் சிலர் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்கிறார்களாம். அதனால் மேடத்திடம் பேசிப் பேசி, படத்துக்குக் கீழே இருக்கும் அட்டையில் ஒரு வரி சேர்க்க வைத்திருக்கிறானாம். படித்துக் காட்டினான். “இப்படம் வரையப்பட்ட சூழ்நிலை குறித்து மாறுபட்ட தகவல்கள் உள்ளன.”

என்னிடமிருந்து நன்றி எதிர்பார்த்தான் என்று நினைக்கிறேன்.

மாறுபட்ட தகவல் எது, சொல்லு தம்பி என்று கேட்டேன். அவனுக்குத் தெரியும். இருப்பது ஒரே தகவல். அதைச் சொன்னவர் அந்தப் படத்தை வரையவைத்தவர், அவர் கையாலேயே எழுதியது, உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, நீதான் ஈரத்தாளைப் பிரித்துக் காயவைத்தாய் என்றேன். அக்கா, இவ்வளவுதான் என்னால முடிஞ்சுது என்றான். இருக்கலாம். நான் போனை வைத்துவிட்டேன்.